இளையோர் ஆட்டமும் ஏணிப்படிகளும்

ஒத்தாரோடு ஆடுவதே ஆட்டம். வலியிற் பெரிதும் மிக்காரோடு ஆடின் அஃது அடிபடுதலாய் முடியும். பெரிதும் குறைந்தாரோடு ஆடின் அடித்தலாய் முடியும். இரண்டிலும் ஆட்டத்தின் இன்பமும் இல்லை. ஆடுவோர்க்குப் பயனும் இல்லை. இவ்வுண்மை பற்றியே இளையோர் விளையாட்டிற் படிநிலைகள் வகுக்கப்பட்டன. வயதால் வகுத்த படிகள் சில. திறத்தால் வகுத்த படிகள் சில. ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என இடத்தால் வகுத்த படிகள் சில. இவற்றின் நோக்கத்தை உணராத பெற்றோர் தம் மக்களை வருத்துகின்றனர். உணர்ந்தும் பிறழ நடத்துவோர் ஊரார் மக்களை வருத்துகின்றனர். ஏறுதற்கென அமைத்த ஏணி, பலரைப் புறத்தே நிறுத்தும் வேலியாக மாறிவிடுகின்றது. இதனைப்பற்றி என் கருத்தைக் கூறவே இச்சிறு கட்டுரை எழுந்தது.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். அவை வேந்தர்க்கு வினைமேற் சேறலைப்பற்றிக் கூறியவை. ஆயினும் ஆடுகளத்தை நடத்துவோர்க்கும் அம்மூன்றினும் மேம்பட்ட அளவுகோல் இல்லை என்பது என் துணிபு. வலியை மட்டும் அளந்து காலத்தையும் இடத்தையும் மறந்தமையே இன்றைய படிநிலைகளின் குறை. அம்மூன்றனையும் அம்முறையே ஆராய்வோம்.

முதலாவது வலி. படிநிலைகள் மிக விரிவாக வளர்ந்துள்ள ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது நம் கடற்கரையில் ஒருவரும் ஆடிக் கண்டிராத பனிக்கட்டி ஹாக்கி. கனடா நாட்டில் அதுவே சிறுவர் பேராட்டம். ஈழத்தினின்று சென்ற தமிழ்க் குடும்பங்கள் டொராண்டோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருந்தொகையாக வாழ்கின்றன; ஆதலின் நம் மொழி பேசும் பிள்ளைகளுக்கும் அஃது இன்று அயலாட்டமன்று. பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்கு அறுவர், காலில் இரும்பலகுச் சறுக்குமிதிகள், கையில் வளைதடி, பந்துக்கு மாறாக மூன்றங்குல அகலமும் ஓரங்குலத் தடிப்புமுள்ள கடிய இரப்பர் வில்லை. ஆட்டத்தின் விரைவையும் மோதலின் கடுமையையும் இதனாலேயே உய்த்துணரலாம். இத்தகைய ஆட்டத்தில் மெலியானை வலியானோடு நிறுத்தினால் எலும்பு முறியும். எனவே அந்நாட்டார் படி வகுப்பதிற் பெருங்கவலை கொண்டனர்.

வயதுப் பிரிவுகள் 7, 9, 11, 13, 15, 18 என்னும் ஆண்டுகளுக்குட்பட்டோர் என அமைந்துள்ளன. ஒவ்வொரு பிரிவினுள்ளும் திறம் பற்றிய படிகள் உண்டு. மாகாணத்துக்கு மாகாணம் பெயர் சிறிது வேறுபடினும், ஒண்டேரியோவில் மூன்று ‘ஏ’ உச்சப்படி; இரண்டு ‘ஏ’ அடுத்தது; ஒற்றை ‘ஏ’ அதற்கடுத்தது; பின்னர் ‘பி’, ‘சி’ முதலியன. எல்லாவற்றுக்கும் அடியில் ‘ஹவுஸ் லீக்’ என்னும் உள்ளூர்க் கழக ஆட்டம் உண்டு. மேற்படிகளுக்கு ஆளைச் சோதித்துத் தெரிந்தெடுப்பர். உள்ளூர்க் கழக ஆட்டத்திலோ பெயர் பதிந்த பிள்ளை ஆடும். தெரிந்தெடுத்தலும் ஒருமுறையோடு முடிவதன்று; பருவந்தோறும் மீண்டும் நடைபெறும். இவ்வாண்டு ‘சி’யில் நின்றவன் அடுத்த ஆண்டு மேலேறலாம், மேலிருந்தவன் இறங்கவும் கூடும்.

இவ்வமைப்பில் யான் வியப்பது உச்சப்படியை அன்று, அடிப்படியையே வியக்கின்றேன். தெரிந்தெடுக்கப்படாத பிள்ளைக்கும் ஓர் அணி உண்டு, ஆட்டநாள் உண்டு, தன்னை ஒத்த எதிரி உண்டு. ‘நீ வேண்டா’ என்று ஒருவனை வீட்டுக்கனுப்பும் முறைக்கும், ‘நீ இங்கே ஆடு’ என்று ஒரு படியிற் சேர்க்கும் முறைக்கும் உள்ள வேற்றுமை மலையளவினது.

மற்றும் இரண்டு விதிகளையும் ஈண்டுக் கூறல் தகும். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் உடலால் மோதி எதிரியைத் தடுத்தல் கூடாதென்று 2013-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஹாக்கி அவையினர் விதித்தனர். ஏழு வயதுக்குட்பட்டோர் முழுத்தளத்தில் ஆடாது, குறுக்கே பகுத்த சிறு தளத்திலேயே ஆடவேண்டுமென்று 2017-இல் விதித்தனர். பெரியோர் ஆட்டத்தைச் சிறியோர் தோள்மேல் ஏற்றாமல், சிறியோர்க்கேற்ப ஆட்டத்தைச் சுருக்கினர். இஃதே படிநிலையின் உயிர்.

குறையும் இல்லாமலில்லை. மேற்படியில் ஆடுவதற்குப் பொருட்செலவு மிகுதி; தொலைவூர்ப் பயணமும் மிகுதி. திறமிருந்தும் பொருளில்லாப் பிள்ளை கீழே நின்றுவிடல் கூடும். அன்றியும், பெற்றோர் சிலர் அணியின் எழுத்தைப் பிள்ளையின் குலமாகவே எண்ணிவிடுகின்றனர். ‘என் மகன் மூன்று ஏ’ என்பது பெருமையாகவும், ‘சி’ என்பது மானக்கேடாகவும் போய்விடுகின்றது. ஓர் எழுத்து அவ்வாண்டின் ஆட்டத்திறத்தைக் குறிப்பதன்றிப் பிள்ளையின் மதிப்பைக் குறிப்பதன்று. தேர்வெண்களைக் கொண்டு மக்களை மதிக்கும் பழக்கம் நம்மவர்க்கும் உண்டாதலின், இக்குறையைக் கண்டு நாம் அயலாரை நகைத்தற்கில்லை.

இரண்டாவது காலம். வயதால் வகுத்தல் நடுவுநிலையான முறை என்றே எவர்க்கும் தோன்றும். ஆயினும் அதனுள் ஒரு வஞ்சம் மறைந்து கிடக்கின்றது. பிரிவு தொடங்கும் எல்லைநாள் சனவரி முதல்நாள் எனக் கொள்வோம். ஓராண்டின் சனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவினர்; ஆனால் இருவர்க்குமிடையே பதினொரு திங்கள் வளர்ச்சி வேற்றுமை உண்டு. முப்பது வயதில் அவ்வேற்றுமை கருதத்தக்கதன்று. பத்து வயதிலோ, பதின்மூன்று வயதிலோ, அஃது ஒரு கை உயரமும் ஒரு கல் எடையுமாக நின்று பேசும். ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளநூலறிஞரும் அவரோடு ஆராய்ந்தோரும் கனடா ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த திங்களைத் தொகுத்து 1985-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். ஆண்டின் முதற்றிங்கள்களிற் பிறந்தோர் உயர்ந்த அணிகளிற் பெருந்தொகையாக இருந்தனர்; கடைத்திங்கள்களிற் பிறந்தோர் மிகக் குறைந்தனர். சனவரிக்கு ஹாக்கித் திறம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. வளர்ச்சியைத் திறமென்று மயங்கினர். மயங்கித் தெரிந்தெடுத்த பிள்ளைக்கு நல்ல பயிற்சியாளரும் மிகுந்த ஆட்டங்களும் கிடைத்தன. அவற்றால் அவன் மெய்யாகவே திறமுற்றான். பொய்யாகத் தொடங்கிய வேற்றுமை மெய்யாக முடிந்தது.

நம் நாட்டுப் பள்ளி விளையாட்டுகளிலும் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்னும் பிரிவுகள் உள்ளன. சனவரி முதல்நாளே எல்லை. இதனால் விளைவது யாதென்பதற்கு நூலைத் தேடிச்செல்ல வேண்டியதில்லை. என் வாழ்விலேயே சான்றுண்டு.

யான் வளர்ந்த காரைக்கால்மேட்டில் எனக்கொரு தோழன் இருந்தான். இருவரும் ஓராண்டிலே பிறந்தோம். யான் சனவரியில், அவன் டிசம்பரில். கடற்கரை மணலில் வெறுங்காலாற் பந்துதைத்தே இருவரும் கால்பந்து பயின்றோம். அவன் காலிற் பந்து ஒட்டிக்கொண்டது போல் ஓடும். என் காலிலோ அஃது எப்பொழுதும் விருந்தாளி. பதின்மூன்றாம் வயதில் இருவரும் ஒரு தெரிந்தெடுப்புக்குச் சென்றோம். சிறுவர் நாவில் அதற்குச் ‘செலக்‌ஷன்’ என்று பெயர். விடியுமுன் பேருந்தேறிப் பல மணிநேரம் சென்று, அன்று பிற்பகலே மைதானத்தில் இறங்கினோம். ஆட்டம் அரைமணிக்கும் குறைவு. யான் அப்பொழுதே நெடியவனாக வளர்ந்திருந்தேன். அவன் என் தோளளவே இருந்தான். என் பெயரை எழுதிக்கொண்டனர். அவன் பெயரைக் கேட்கவும் இல்லை. திரும்பும் வழியில் அவன் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி உறங்குவான் போல் இருந்தான். உறங்கவில்லை என்பதை யான் அறிவேன்.

பதினேழு வயதில் மற்றவரும் வளர்ந்துவிட்டனர். யான் நடுத்தர ஆட்டக்காரனாகி, அணியினின்று நீங்கித் தமிழ் பயில வந்தேன். அவனும் நன்றாக வளர்ந்தான். ஆனால் அதற்குள் பந்தை விட்டுப் படகேறியிருந்தான். சென்ற கோடையில் ஊர் சென்றிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாதென்னும் தடைக்காலம் அது. படகுகள் கட்டிக் கிடந்தன. இளைஞர் மணலிற் பந்தாடினர். அவன் என்னை மூன்றுமுறை எளிதாகக் கடந்து சென்றான். பின்னர் மணலில் அமர்ந்திருந்தபொழுது அந்நாளைப்பற்றி யான் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தேன். “அப்போது நீ வளர்ந்திருந்தாய், நான் வளரவில்லை. வேறொன்றுமில்லை” என்று கூறி நகைத்தான். பார்ன்ஸ்லியின் ஆராய்ச்சி முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டது. எனக்கோ நகை வரவில்லை. அவனுக்குரிய இடத்தில் யான் நான்காண்டு நின்றேன் என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டகலவில்லை.

தெரிந்தெடுத்தவர் தீயவர் அல்லர். அரைமணி நேரத்தில் எவர்க்கும் கண்ணிற்படுவது உயரமே. குறை முறைமையினது. பதின்மூன்று வயதில் ஒருவனை ‘ஆகான்’ என்று முடிவுகட்டலாம் என்று கருதியதே பிழை.

நம் முன்னோர் பிள்ளைப்பருவத்தின் படிகளை நன்கறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்தது. தளர்நடையிடும் குழந்தையை வருக என்று அழைப்பதும், சற்று வளர்ந்தபின் அம்புலியை விளையாட அழைப்பதும், இறுதியிற் சிறுதேர் உருட்டுவதும் வெவ்வேறு பருவங்கள். இவற்றுள் ஒரு பருவத்திலேனும் தோற்ற குழந்தை என்று ஒன்றில்லை. எல்லாக் குழந்தையும் எல்லாப் பருவத்தையும் கடக்கும். அந்தந்தப் பருவத்தில் அதற்குரிய ஆட்டமே அழகு.

இக்கருத்தை நார்வே நாட்டார் சட்டமாகவே கொண்டனர். சிறுவர் விளையாட்டுக்கென 1987-இல் அங்கே விதிகள் தோன்றின. பதினோராம் வயதுக்கு முன் வெற்றிதோல்விப் பட்டியல் இல்லை. பதின்மூன்றாம் வயதுக்கு முன் நாடளாவிய போட்டி இல்லை. இவ்வாறு காத்திருந்தால் வீரர் உண்டாவரோ என்று ஐயுறுவோர், 2018-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கை நோக்குக. அரைக்கோடிக்குச் சற்று மிகுந்த மக்களையுடைய அந்நாடு 39 பதக்கம் பெற்று முதலிடத்தில் நின்றது. காத்தல் வேறு, சோம்பல் வேறு.

மூன்றாவது இடம். இஃதே நமக்கு மிக அணுக்கமானது. காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு கூறுகளில் ஒன்று. 1954-இற் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின்னும் பழைய ஆட்சிப் பிரிவே நிலைத்தமையின், நாற்புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழ நடுவே தனித்துக் கிடக்கின்றது. புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. நாகப்பட்டினமோ மிதிவண்டியிற் செல்லுந் தொலைவு. ஆயினும் காரைக்கால் மாணவன் ஆடவேண்டியது புதுச்சேரிக்காக. நாகப்பட்டின மாணவன் ஆடுவது தமிழ்நாட்டுக்காக. இருவரும் ஒரே அலையின் ஓசையைக் கேட்டு வளர்ந்தும், வெவ்வேறு ஏணிகளில் ஏறுகின்றனர். காரைக்கால் மாணவனின் ஏணியில் முதற்படிக்கும் இரண்டாம்படிக்கும் இடையே ஒருநாட் பேருந்துப் பயணம் கிடக்கின்றது. கடலுக்குச் சென்ற தந்தை திரும்பாத நாளில், தாய் மீன்கூடை சுமந்து சந்தைக்குச் சென்ற நாளில், அப்பயணத்துக்குத் துணை யார்? பேருந்துக் கட்டணத்துக்கு வழி யாது? பெண்பிள்ளையாயின் இவ்வினாக்கள் இருமடங்காகும். மாகே கேரளக் கரையிலும், ஏனாம் ஆந்திரத்திலும் இவ்வாறே தனித்துள்ளன. அவ்வூர்ப் பிள்ளைகளின் நிலையும் எளிதன்று.

இடம் அணித்தாயின் என்ன விளையும் என்பதற்குக் கோவில்பட்டி சான்று. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அச்சிற்றூர் ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. பல தலைமுறையாக அங்கே தெருப்பிள்ளைகளும் வளைதடி பிடித்துள்ளனர். அகில இந்தியப் போட்டிகள் நடைபெற்றுள்ளன. அரசின் விளையாட்டு விடுதியும் அமைந்தது. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரைச் சேர்ந்த கார்த்தியும் 2022-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினர். முதற்படி வீட்டு வாயிலிலேயே இருந்தால், ஏறுவோர் தாமே தோன்றுவர். லடாக்கில் இதனினும் வியப்பு. அங்கே குளங்கள் உறைந்து கிடக்கும் சில குளிர்காலத் திங்கள்களிலேயே பனிக்கட்டி ஹாக்கி பயிலலாம். கனடாவிற் போலப் பல படிகளோ பெரும்பொருளோ இல்லை. ஆயினும் தம் ஊர்க் குளத்திற் பயின்ற பெண்களை மிகுதியாகக் கொண்ட இந்திய மகளிர் அணி, 2025-இல் ஐக்கிய அரபு நாட்டில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றது.

சென்ற 2025-ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னையிலும் மதுரையிலும் 21 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை ஹாக்கி நடைபெற்றது. 24 நாடுகள் ஆடின. இந்தியா வெண்கலம் பெற்றது. அதற்கு முன் 2024 சனவரியிற் ‘கேலோ இந்தியா’ இளையோர் போட்டிகளைத் தமிழ்நாடு நடத்தி, பதக்கப் பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது. இவை நாம் மகிழத்தக்கவையே. எனினும் உச்சப்படிக்கு ஒளிவிளக்கிடுவதால் மட்டும் அடிப்படி விளங்காது.

நிற்க. ‘தெரிந்தெடுத்தலே கூடாதென்கின்றாயோ? எல்லாரையும் சமமாக நடத்தினால் வல்லவன் மழுங்கான்கொல்?’ என்று வினவுவோர் இருக்கலாம். யான் அவ்வாறு கூறவில்லை. வல்லவனுக்கு வல்லவனே எதிரியாதல் வேண்டும். படிநிலை அதற்கே உரியது. யான் வேண்டுவன மூன்றே. தெரிந்தெடுத்தல் பிந்தி நடைபெறுக. ஒருமுறையன்றிப் பன்முறை நடைபெறுக. தெரிந்தெடுக்கப்படாதார்க்கும் ஆட ஓரிடம் இருக்க. வயதைக் குறைத்துக் காட்டி மேலேற முயல்வோர் உளரென்றும், அதனாலே மணிக்கட்டெலும்பை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து வயதறியும் முறை கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் வந்துள்ளதென்றும் அறிகின்றோம். ஒருமுறை தவறின் வாழ்வு போயிற்று என்னும் அச்சமே அப்பொய்க்குத் தாய். மறுவாய்ப்பு உண்டெனின் பொய்யும் குறையும்.

காரைக்காலுக்கு இதனை எவ்வாறு பொருத்துவது? கடற்கரையூர்களுக்குள்ளேயே தடைக்காலத்தில் ஓர் இருபடிப் போட்டியை ஆண்டுதோறும் நடத்தலாம். மேற்படியிற் கடைநின்ற அணி இறங்குக. கீழ்ப்படியில் முதல்நின்ற அணி ஏறுக. ஊர்ப் பஞ்சாயத்தாரும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரும் ஒன்றுபட்டால் இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மணல் இருக்கின்றது, படகுகளும் அந்நாளில் ஓய்ந்திருக்கின்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்குப் படியே வேண்டா, வந்தவரெல்லாம் ஆடுக. மாநில அணிக்குத் தெரிந்தெடுப்போர் ஆண்டுக்கொருமுறையேனும் காரைக்காலுக்கு வருக. அவர் ஒருவர் வருதல், நூறு பிள்ளைகள் செல்லுதலினும் எளிது. பிள்ளைகளின் பெயருக்கெதிரே பிறந்த திங்களையும் எழுதிவைத்துப் பார்க்க. டிசம்பர்ப் பிள்ளைகள் ஒருவரும் இல்லையெனின், தம் கண்ணில் ஏதோ குறையுண்டென்று அவர் உணர்வர்.

நம் கல்லூரிக்கும் ஒன்று கூறுவேன். முதலணியின் வெற்றிக்கேடயங்கள் நம் மண்டபத்தை அணிசெய்கின்றன, அது நன்றே. ஆயினும் முதலணியிற் சேராத மாணவர் மாலைப்பொழுதிற் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவராக இருத்தல் நன்றன்று. இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும் விடுதிதோறும் எழுக. அவற்றுக்கும் ஆட்டநாள் குறிக்கப்படுக. பழைய மாணவருட் பலர் பள்ளிகளில் ஆசிரியராயிருக்கின்றீர். உங்கள் மைதானத்தின் ஓரத்தில் உயரம் போதாத ஒரு சிறுவன் நின்றால், அவன் பெயரையும் ஒருமுறை கேட்டெழுதிக்கொள்ளுங்கள். அவன் இன்னும் வளர்ந்து முடியவில்லை.

பத்தொன்பது வயது எனக்கு நிறைந்துவிட்டது. என் தோழனுக்கும் நிறையப்போகின்றது. இளையோர் படிகள் எல்லாம் எங்கள் இருவர்க்கும் முடிந்தன. ஆனால் அவனுக்கொரு தம்பி இருக்கின்றான், வயது பத்து, அவனும் ஆண்டின் கடைத்திங்களிற் பிறந்தவன். இப்பொழுதே அவன் காலிற் பந்து ஒட்டிக்கொண்டு ஓடுகின்றது. அவனுக்குப் பதின்மூன்று நிறைவதற்குள் நம்மவர் வலியோடு காலமும் இடமும் அறிந்து நடப்பாரோ என்பதே என் கவலை. அறிந்து நடப்பின் ஏணி ஏணியாகவே நிற்கும்.